மொட்டை கையில் – ஹால்

மாடிப்படியின் பெயர் மாறியிருந்தது.

மகள் சில்லுவை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, யாரோ ஒரு டாக்டர் வாங்கியிருந்த பழைய வீட்டின் வரைபடத்தை மதியத்துக்குள் முடித்துத் தொலைக்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தவள், தூக்கக் கலக்கத்தில் தப்பான ஃபோல்டரைத் தொட்டுவிட்டாள். ‘நம்ம வீடு’ என்ற ஃபோல்டர். மாதக்கணக்காக அவள் பார்க்காதது போல் தாண்டிப்போகிற ஃபோல்டர் அது. உள்ளே இந்த வீட்டையே அறை அறையாகப் பிடித்த படங்கள் இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கோட்டில் நீளமும் அகலமும். ஹால், நடை, சமையலறை, பெட்ரூம், சில்லு. எல்லாம் வைத்தது வைத்தபடி. மாடிப்படி மட்டும் வரிசை மாறி வேறு இடத்தில் நின்றது. அதன் பெயர் இப்போது ‘மொட்டை கையில் – மாடிப்படி’.

மொட்டை அவளுடைய புருஷன். போன மழைக்காலத்தில் ஒரு தண்ணி லாரிக்கு அடியில் போய்ச் செத்தவன்.

பெயரைக் கேட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சின்ன வயதிலேயே முடி கொட்டத் தொடங்கியதும், “கொட்டுறது கொட்டட்டும்னு எத்தனை நாள் பாத்துட்டு இருக்கறது, நாமளே எடுத்துடலாம்” என்று மழித்துக்கொண்டு வந்து நின்றவன் அவன்தான். அன்றைக்கு அவள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு அவன் அவளுக்கு வைத்தது வாலு. இரண்டு பேரும் வரைபடம் வரையப் படித்த காலத்திலிருந்தே வாடா போடா என்று பழகியவர்கள். சொந்தக்காரர்கள் வரும்போது மட்டும் அவள் “என்னங்க” என்பாள், அவன் உடனே பின்னால் திரும்பி யாரைக் கூப்பிடுகிறாள் என்று தேடுவான்.

அவர்கள் செய்தது வீடு அளக்கும் தொழில். பழைய வீட்டை மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு இருக்கிற வீட்டின் அளவு முதலில் வேண்டும். அவன் இரும்பு டேப்போடு போய் ஒவ்வொரு அறையையும் அளந்து, போனில் படம் பிடித்து, அளவை அதன் மேலேயே எழுதி, இருவருக்கும் பொதுவான ஃபோல்டரில் ஏற்றுவான். அவள் வீட்டிலிருந்தபடி அதைப் பார்த்து வரைவாள். இதில் அவர்களுக்கு வந்த சண்டையெல்லாம் பெயரால் வந்தது. அவன் ஒரு படத்துக்குப் ‘புதுசு’ என்று பெயர் வைப்பான், அப்புறம் ‘புதுசு கடைசி’, அப்புறம் ‘சத்தியமா கடைசி’. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும், அவள் மாற்றுவாள். இங்கே மாற்றினால் அவன் போனிலும் மாறிவிடும், அவன் அங்கிருந்து திருப்பி மாற்றுவான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை வைத்துவிட்டால் யார் பேச்சைக் கேட்பது என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. ஒன்றை இரண்டாக்கி வைத்துவிடும். அப்படி ஒருமுறை இரண்டான படத்தில் தப்பானது கொத்தனாருக்குப் போய், ஒரு புண்ணியவான் வீட்டில் கக்கூஸ் வாசலில் சுவர் எழும்பிவிட்டது.

அன்றைக்குத்தான் அவர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். யார் வேலை செய்கிறாரோ அவர் பெயரை முன்னால் போட்டு ‘கையில்’ என்று எழுதிவிட வேண்டும். போட்டவர் எடுக்கிற வரை மற்றவர் அதைத் தொடக்கூடாது, திறந்துகூடப் பார்க்கக்கூடாது. வேலையை மற்றவரிடம் தள்ள வேண்டுமென்றால் அவர் பெயரைப் போட்டுவிடலாம். இந்தா, உன் முறை என்று அர்த்தம். “கையில இருக்கறதைப் புடுங்கினா கொலை விழும், ஆமா” என்பான் அவன். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் அதை மீறியதே இல்லை.

சில்லுவுக்கு மாடியில் ஒரு ரூம் கட்ட வேண்டும் என்பதற்காக, அவன் கடைசியாக அளந்தது சொந்த வீட்டைத்தான். படங்களை ஏற்றிவிட்டு, “இதை நான்தான் வரைவேன், நீ மூக்கை நுழைக்காத” என்று சொல்லியிருந்தான். வரைவதற்குள் போய்விட்டான்.

மாடிப்படியின் பெயர் மேல் அவள் அம்பை வைத்தாள். யார் மாற்றியது என்று பக்கத்தில் காட்டியது. அவனுடைய வட்டப் படம், கூலிங் கிளாஸ், வெயிலில் மின்னும் மண்டை. அதன் கீழே ‘சற்று முன்’.

அவனுடைய போன் லாரிச் சக்கரத்தில் நசுங்கிப்போனது. போலீஸ்காரர் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்த அந்தத் துண்டுகள் இப்போதும் பீரோவில் இருந்தன. அவனுடைய பாஸ்வேர்ட் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். காபியின் மேல் ஆடை படிந்தது. வெளியே, வீட்டின் பக்கவாட்டில் மாடிக்கு ஏறும் படிகளில், இரும்பு டேப் தன் பெட்டிக்குள் சுருண்டு ஓடும் சத்தம் கேட்டது. சர்ர்ர்ர், டக்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். படிகளில் மழை ஈரம் மட்டும்தான் இருந்தது. ஆனால் ஒரு வாசனை. ஈரமான ஹெல்மெட்டின் உள்பக்கமும், அவன் ஓயாமல் மென்றுகொண்டிருக்கும் கிராம்பும் கலந்த வாசனை, வீட்டில் ஒரு சட்டையில்கூட மிச்சமில்லை என்று அவள் அழுது அழுது தேடிய வாசனை, மூன்றாவது படியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் நின்றுகொண்டிருந்தது. பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தப் படியில் உட்கார்ந்து மூக்கு அடைக்கும் வரை அழுதாள்.

சாயங்காலம் அவனுடைய அக்காவுக்குப் போன் செய்தாள். அண்ணி பாங்கில் வேலை பார்க்கிறவர், எதையும் முடித்துவைத்துப் பழகியவர்.

“அந்த அக்கவுன்ட்டை மூடுன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். எவனாவது உள்ள புகுந்திருப்பான். இன்னைக்கே மூடும்மா.”

“மூடினா எல்லாம் போயிடும் அண்ணி. ஃபோல்டரே அவர் பேர்லதான் இருக்கு. சில்லு நடக்க ஆரம்பிச்ச வீடியோ, அவர் பேசினது, பாடினது, எல்லாம் அதுலதான் கிடக்கு.”

“வேற இடத்துல காப்பி எடுத்து வச்சுக்க.”

“எடுக்கறேன்.”

“எடுக்கறேன் எடுக்கறேன்னு சொல்லியே காலத்தை ஓட்டற. எனக்கும் அவன் தம்பிதான். நான் என்ன கல்லா?” அண்ணியின் குரல் உடைந்தது. “போனவன் போயிட்டான்மா. உன் கையில இருக்கறது அந்தக் குழந்தை ஒண்ணுதான். அதைப் பாரு.”

அவள் சரி என்றாள். போனை வைத்துவிட்டு, லேப்டாப்பை மடியில் இழுத்துக்கொண்டு, ‘ஹால்’ என்ற பெயரின் மேல் இரண்டு முறை தட்டி, முன்னால் எழுதினாள். மொட்டை கையில்.

இந்தா, உன் முறை.

யாரும் அவளைத் திட்டலாம். போனவனைக் கூப்பிடத் தெரிந்தும் கூப்பிடாமல் இருக்க எவளால் முடியும்?

அன்றைக்கு அவளும் சில்லுவும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஹால் கதவை அவள் சாத்தியிருந்தாள், கையில் இருக்கிற இடத்துக்குள் போகக்கூடாது, சட்டம் சட்டம்தான். முதலில் கூரையில் விழும் மழையின் சத்தம் மட்டும் இருந்தது, அப்புறம் மழைக்கு அடியில் வேறொன்று, சோபாவை அரை அடி தள்ளும் சத்தம், சுவரோரம் குந்தி உட்காரும்போது அவன் முழங்கால் சொடக்கும் சத்தம், டேப்பின் இரும்பு நாக்கு தரையில் உரசிக்கொண்டே எதிர்ச்சுவர் வரை போய் முட்டும் சத்தம். லேப்டாப்பில் ஹாலின் பக்கத்தில் அவனுடைய வட்டப் படம் வந்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றது.

“அப்பா அளக்கறாரு” என்றாள் சில்லு, வாயில் சோற்றோடு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. அவளுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை.

“ஆமாம்டா செல்லம்.”

“எப்ப வெளிய வருவாரு?”

“முடிச்சதும் வருவாரு.”

சொன்னபோது அவள் அதை நம்பினாள். சந்தோஷத்தில் நெஞ்சு வலித்தது. கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்து, டாக்டர் வீட்டுக்காரியின் அலட்டலையும் மளிகைக்கடைக்காரன் ஏமாற்றியதையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் வேலை செய்யும்போது என்றைக்கு வாயைத் திறந்தான்!

சில நாட்கள் அப்படிப் போயின, வெளியே போய்வருவதெல்லாம் சமையலறையின் பின்வாசல் வழியாக. ஹாலின் முன்னாலிருந்த பெயரை அவன் எடுக்கவில்லை. ஒரு ஹாலை அளக்க அவனுக்கு அரை மணி நேரம்கூட வேண்டியதில்லை என்பதை அவள் நினைத்துப் பார்க்காமல் இருந்தாள்.

சில்லுவின் ஸ்கூல் பை ஹாலில் மாட்டிக்கொண்ட அன்றுதான் முதல் முறையாக அவளுக்குப் பயம் வந்தது. வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் சில்லு பழக்கத்தில் கதவைத் திறந்து வீசிய பை கதவுக்குப் பக்கத்திலேயேதான் கிடக்கும், எட்டி எடுத்துவிடலாம் என்று கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை மட்டும் உள்ளே விட்டாள். வெளியே நல்ல வெயில், ஆனால் உள்ளே இருந்த காற்று பாதாள அறைக்காற்று போலக் கனத்து, ஈரமாக, கிராம்பு வாசனையோடு கையில் வந்து படிந்தது. பையின் வார் அகப்பட்டது. இழுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ லேசாக இழுத்தார்கள்.

அவன் விளையாட்டு அது. சாவி கேட்டால், பை கேட்டால், கொடுப்பது போல நீட்டிவிட்டுப் பிடித்துக்கொள்வான். அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “டேய் மொட்டை, விடுடா, வேன் நிக்குது.”

விடவில்லை. இழுப்பு கூடியது. அப்புறம் வாரில் இல்லை, மணிக்கட்டில். மெல்லியதாக, சில்லென்று, இரும்புத் தகடு ஒன்று மணிக்கட்டைச் சுற்றி ஒரு சுற்று வந்து, சுற்றளவு பார்ப்பது போல நின்றது. அப்புறம் இறுகியது.

அவள் கத்தியதில் வேன் டிரைவர் கேட்டுக்கு உள்ளே வந்துவிட்டார். கையை உருவிக்கொண்டு அவள் நடையில் விழுந்து கிடந்தாள். “பாம்பாம்மா?” என்று கேட்டார் அவர். இல்லை, கதவில் கை மாட்டிக்கொண்டது என்றாள். மணிக்கட்டில் நூல் பிடித்தது போல ஒரு சிவப்புக் கோடு. அதில் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள், டேப்பில் இருக்குமே, அது மாதிரி.

அன்று மதியம் லேப்டாப்பைத் திறந்தபோது ‘மொட்டை கையில் – நடை’ என்று இருந்தது. இதை அவள் கொடுக்கவில்லை. அவனாகவே எடுத்துக்கொண்டான்.

ஹாலிலிருந்து நடை. நடையின் ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் பெட்ரூம். நடை முடியும் இடத்தில் சில்லுவின் ரூம்.

அவன் பெயரை அழித்துவிட விரல் போனது. போன விரல் நின்றுவிட்டது. கையில் இருப்பதைப் பிடுங்கினால்? அதோடு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழித்துவிட்டால் அவன் போய்விடுவானோ என்ற பயம் மற்றப் பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. அவள் வேறொன்று செய்தாள். சமையலறையையாவது காப்பாற்றி வைப்போம் என்று அதன் முன்னால் ‘வாலு கையில்’ என்று எழுதினாள். தன்னுடையதை அவன் தொட மாட்டான். ஒருநாளும் தொட்டதில்லை.

எழுதிவிட்டுத் தட்டிய அதே நொடியில் திரை ஒருமுறை வெட்டியது. சமையலறை இரண்டாக இருந்தது. வாலு கையில் ஒன்று. மொட்டை கையில் ஒன்று.

அவனும் அதே நேரத்தில் கை வைத்திருக்கிறான்.

“அம்மா” என்று ஸ்கூலிலிருந்து வந்த சில்லு மேடைப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். “என் டம்ளர் ரெண்டு ஆயிடுச்சு.”

பால் குடிக்கும் டம்ளர். பல் முளைக்கும்போது கீழே போட்டுப் போட்டு விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். மேடையில் இரண்டு நின்றன. இரண்டிலும் அதே நசுங்கல், அதே இடத்தில். இரண்டிலும் பால். சில்லு ஒன்றை எடுத்துக் குடிக்கத் தொடங்கியிருந்தாள். அம்மா இரண்டாவதைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருந்தது, எடை இருந்தது, இதுதான் நகல் என்று சொல்ல எதுவுமே இல்லை. அவளுக்குக் கை கால் ஓடவில்லை. பழக்கம் மட்டும் ஓடியது. இரண்டாகிவிட்டால் ஒன்றை உடனே அழித்துவிட வேண்டும், இல்லையென்றால் கக்கூஸ் வாசலில் சுவர் வரும். மொட்டை கையில் இருந்த சமையலறையைத் தேர்ந்தெடுத்து அழித்தாள்.

சில்லு வீல் என்று அலறினாள்.

அவள் கையில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்த டம்ளர் இல்லை. பால் மட்டும் அந்தரத்தில் ஒரு கணம் டம்ளர் உருவத்திலேயே நின்று, பிறகு அவள் நெஞ்சில், யூனிஃபார்மில், தரையில் கொட்டியது.

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. புருஷன் ஏக்கம், வீடியோ, பாட்டு எல்லாம் ஒரு நொடியில் பின்னால் போய்விட்டது. அண்ணியைக் கூப்பிட்டாள்.

“அண்ணி, நாங்க அங்க வர்றோம். இப்பவே.”

“என்னாச்சு? ஏன் மூச்சு வாங்குது?”

“வந்து சொல்றேன்.”

“ஆட்டோ புடிச்சு வா. அந்தப் பாழாப்போன அக்கவுன்ட்டை—”

“மூடிடறேன் அண்ணி. வந்ததும் உங்க முன்னாடியே மூடிடறேன்.”

ஆட்டோ பத்து நிமிஷத்தில் வரும் என்றது போன். நாலு துணி போதும். காயப்போட்ட கொடியிலிருந்து கையில் அகப்பட்டதை உருவிப் பையில் திணித்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நாலு மணிதான் ஆகியிருக்கும், ஆனால் வீட்டுக்குள் பொழுது சாய்ந்த வெளிச்சம். சில்லுவின் நனைந்த சட்டையைக் கழற்றி, பச்சை கவுனை மாட்டிவிட்டாள். குனிந்து செருப்பு வாரைப் போட்டுக்கொண்டிருந்தபோது லேப்டாப் டிங் என்றது.

திரும்பிப் பார்த்தாள். ‘மொட்டை கையில் – பெட்ரூம்’.

“நீ இங்கயே நில்லு. நகரக்கூடாது” என்று சில்லுவிடம் சொன்னாள். எழுந்து மேஜைக்குப் போய், கூட எடுத்துப்போக லேப்டாப்பின் வயரைப் பிடுங்கினாள். திரும்பினால் சில்லு இல்லை.

“பொம்மையை மறந்துட்டேம்மா!” நடையின் கடைசியிலிருந்து குரல் வந்தது. கூடவே சின்ன ரூமின் கதவு திறக்கும் சத்தம்.

“சில்லு! வெளிய வா! வெளிய வாடி!”

நடையில் காலை வைத்தாள். நடை அவன் கையில் இருந்தது. பத்தடி நடை. அவள் தினமும் பத்து முறை போய்வருகிற நடை. ஓடினாள். கடைசிக் கதவு கிட்டே வரவில்லை. கிராம்பு வாசனை தொண்டையை அடைத்தது. பக்கத்துச் சுவரில், அவள் தோள் உயரத்தில், டேப் அவளோடு கூடவே உரசிக்கொண்டு ஓடியது. அவள் ஓட ஓட அது நீண்டது. நடையும் நீண்டது.

கையிலிருந்த லேப்டாப்பில் மறுபடி டிங்.

அவள் அங்கேயே தரையில் விழுந்து அதைத் திறந்தாள். சில்லுவின் ரூமுக்கு அவன் ‘ரூம்’ என்று பெயர் வைத்திருக்கவில்லை, சோம்பேறி. ‘சில்லு’ என்று மட்டும் எழுதியிருந்தான். சுவரின் உயரம் தெரிவதற்காகக் குழந்தையையே சுவரோரம் நிற்க வைத்துப் பிடித்த படம், பாதி பல் இல்லாத சிரிப்போடு. அந்தப் பெயரின் முன்னால் இப்போது இடைவெளி ஒன்று திறந்துகொண்டது. யாரோ எழுதத் தொடங்கும்போது திறக்குமே, அப்படி. பக்கத்தில் வட்டப் படம். கூலிங் கிளாஸ்.

மொ.

“வேணாம்டா” என்றாள். “டேய். வேணாம். அவ என் கையில இருக்கா. என் கையிலடா.”

மொட்.

வா. லு. தப்பு. அழித்தாள். வாலு கை. அவனும் எழுதிக்கொண்டிருந்தான். வாலு கையில். தட்டினாள்.

திரை வெட்டியது.

வாலு கையில் – சில்லு.

மொட்டை கையில் – சில்லு.

மழைச் சத்தம் நின்றது போலிருந்தது. நடை பழைய நீளத்துக்கு வந்திருந்தது. கடைசிக் கதவு நாலே எட்டில் நின்றது. அது திறந்தது, சில்லு பொம்மையோடு ஓடிவந்து அவள் மேல் பொத்தென்று விழுந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பச்சை கவுன். ஒரு கால் செருப்பு வார் போடாமல். பால் வாசனை. உடம்பு சூடாக, படபடவென்று அடித்துக்கொள்ளும் நெஞ்சோடு, முழுக் குழந்தையாக இருந்தாள். அவள் அந்தத் தலையை, காதை, கன்னத்தை மாறி மாறி முத்தமிட்டாள். “வந்துட்டியா. வந்துட்டியாடா கண்ணா. போலாம். அத்தை வீட்டுக்குப் போலாம்.”

கதவு திரும்பச் சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “அம்மா?”

அவள் மெல்லக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, கதவு திறக்க வரலை. அம்மா, இங்க இருட்டா இருக்கு.”

சில்லுவின் குரல். அழப்போகும்போது கடைசி எழுத்தை இழுக்கிற குரல். மடியில் இருந்தவள் அதைக் கேட்டுவிட்டு, முகத்தை அவள் நெஞ்சில் புதைத்துக்கொண்டாள்.

லேப்டாப் கேட்டது. ஒன்று இரண்டானால் கேட்கிற கேள்விதான். ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றன. எதை வைத்துக்கொள்ள வேண்டும்? கீழே இரண்டு பெயர்கள். இரண்டின் பக்கத்திலும் அழிக்கிற குறி. அடியில், சின்னதாக, ‘இரண்டையும் வைத்துக்கொள்’.

எந்த ஒன்று அவள் பெற்றது? கையில் இருப்பவளா? டம்ளர் ஞாபகம் வந்தது. குழந்தை பிடித்திருந்ததுதான் காணாமல் போனது. அவள் நிஜம் என்று நினைத்ததுதான்.

“ஸ்கூல்ல உன் பக்கத்துல உக்காந்திருக்கறது யாரு?” என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மடியிலிருந்தும் கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது. “டீச்சரோட பொண்ணு.” இரண்டு பேருக்கும் மூக்கு அடைத்திருந்தது.

அப்போது வட்டப் படம் நகர்ந்தது. அவனுக்கும் அதே கேள்வி வந்திருக்கும். பொது ஃபோல்டர் அல்லவா. கூலிங் கிளாஸ் போட்ட அந்தச் சின்ன முகம் முதல் பெயருக்குப் போனது. இரண்டாவதற்கு வந்தது. மறுபடி முதல் பெயருக்குப் போய், அதன் அழிக்கிற குறியின் பக்கத்தில் நின்றது. அவனும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். அவனும் அப்பன்தானே. அவனுக்கும் ஒன்று வேண்டும்.

“ரெண்டையும் தொடாத” என்று அவள் அலறினாள். “ரெண்டும் என் புள்ளைடா!”

‘இரண்டையும்’ என்பதை அழுத்தினாள்.

வட்டப் படம் அணைந்தது. கேள்வி போய்விட்டது. வெளியே ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. மழை கேட்டது. ஒரு சாதாரண சாயங்காலம்.

கடைசிக் கதவு மெதுவாகத் திறந்தது.

வாசலில் சில்லு நின்றாள். பச்சை கவுன். ஒரு கால் செருப்பு வார் போடாமல். கண்ணீரில் மூக்குக்குக் கீழே பளபளத்தது. ஒரு கையில் பொம்மை. மற்றக் கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது, விரல்கள் மடங்கி, உயரமான ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தையைப் போல. அவள் பக்கத்தில் யாரும் இல்லை. மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

அவள் நடையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் மடியைப் பார்த்தாள்.

“அம்மா” என்றாள் விம்மிக்கொண்டே. “அது யாரும்மா?”

மடியில் இருந்தவள் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தாள். கழுத்தைக் கட்டியிருந்த சின்னக் கைகள் மூச்சு முட்டும்படி இறுகின.

“அம்மா, அது யாரும்மா?”

வாசலில் நின்றவளின் உயர்ந்த கை மெல்ல உள்பக்கமாக இழுபட்டது. ஒரு எட்டு பின்னால் வைத்தாள். இன்னொரு எட்டு. முகத்தை மட்டும் திருப்பவில்லை.

“அம்மா, வாம்மா” என்றாள். “என்னை விட்டுட்டு ஏம்மா அவளைத் தூக்கி வச்சிருக்க?”